25 மி.மீ. என்றால் எத்தனை ரூபாய்?

கேள்வி: இப்போது வரும் இந்திய நாணயங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. நாணயம் சேகரிப்பவர்கள் இந்த வடிவங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? பழைய காசுதான் அழகு என்கிறார்களே, அது உண்மையா, அல்லது பழசின் மேல் இருக்கும் பாசமா?

அழகைப் பற்றிச் சேகரிப்பவர்களுக்குள் என்றைக்கும் ஒத்த கருத்து வந்ததில்லை. ஒருவருக்கு 1950-இன் நிக்கல் ரூபாயில் இருக்கும் இரண்டு தானியக் கதிர்கள் போதும். இன்னொருவருக்கு 1988-இல் வந்த காண்டாமிருக நாலணாவுக்கு (25 காசு) மேல் எதுவும் கிடையாது. ஆனால் அளவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே மனக்குறையைத்தான் சொல்வார்கள். படத்தைவிட அதுதான் பெரிய விஷயம் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுச் சில்லறை டப்பாவைக் கவிழ்த்து மூன்று காசுகளைப் பொறுக்கி எடுங்கள். 1992-க்கும் 2004-க்கும் இடையில் அடித்த, கதிர் போட்ட எவர்சில்வர் ஒரு ரூபாய் ஒன்று. 2011-க்குப் பின் ரூபாய்க் குறியுடன் வந்த இரண்டு ரூபாய் ஒன்று. 2019 வரிசையில் வந்த மஞ்சள் ஐந்து ரூபாய் ஒன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளிம்பில் விரலை ஓட்டுங்கள். எங்கும் தட்டாது. மூன்றும் 25 மி.மீ. முதல் இரண்டின் எடையும் ஒன்றுதான், 4.85 கிராம். ஒரே விட்டம், ஒரே எடை, ஒரே எவர்சில்வர். ஒன்றின் மதிப்பு இன்னொன்றின் பாதி. மூன்றாவது 6.74 கிராம், நிறம் வேறு. கண் தெரிந்தவருக்கு அந்த நிறம் உதவும். பார்வையற்றவருக்கும், கூட்டம் நெரியும் பேருந்தில் சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுப்பவருக்கும் விரல்தானே கண்?

ஐம்பது காசிலும் இதே கதை. 1988 முதல் வந்த எவர்சில்வர் எட்டணா (50 காசு) 22 மி.மீ., 3.79 கிராம். 2011-இல் வந்த ஒரு ரூபாயின் விட்டமும் எடையும் அதேதான். எட்டணாவின் உடம்பு ஒரு ரூபாய்க்கும், ஒரு ரூபாயின் உடம்பு இரண்டு ரூபாய்க்கும் இறங்கி வந்தது. பழைய காசைச் செல்லாக்காசாக்கிவிட்டு இதைச் செய்திருந்தால் குழப்பம் குறைந்திருக்கும். ஆனால் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும்தான். எட்டணா இன்றும் சட்டப்படி செல்லும்.

காசு சிறுத்துக்கொண்டே போவதைச் சேகரிப்பவர்கள் குறை சொல்வதில்லை. 1950-இல் ஒரு ரூபாய் 11.66 கிராம் நிக்கல், 28 மி.மீ. 1962-இல் 10 கிராம். 1975-இல் செம்பு-நிக்கல் கலவையில் 8 கிராம். 1983-இல் 6 கிராம், 26 மி.மீ. 1992-இல் எவர்சில்வருக்கு மாறி 4.85 கிராம். 2011-இல் 3.79. இப்போது 3.09 கிராம், 20 மி.மீ. உலோகத்தின் விலை காசின் மதிப்பைத் தாண்டிவிட்டால் உருக்குகிறவன் கைக்குத்தான் போகும், சிறுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் சிறுக்கும்போது பக்கத்துக் காசின் இடத்தில் போய் உட்காரக் கூடாது. குறை அதுதான்.

இதைத் திருத்தும் முயற்சி 2019 மார்ச் 7-இல் வெளியிட்ட வரிசை. பார்வையற்றோரை மனதில் வைத்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வடிவங்களோடு வந்தது. 1, 2, 5, 10 ரூபாய்க்கு முறையே 20, 23, 25, 27 மி.மீ.; 20 ரூபாயும் 27 மி.மீ., ஆனால் பன்னிரண்டு பக்கம், விளிம்பில் வரிப்பல் (நெருக்கமான வெட்டுக் கோடுகள்) கிடையாது. மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறுகின்றன. 10-க்கு வெளிவளையம் மஞ்சள், நடு வெள்ளை. 20-க்கு வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள். தனி வரிசையாகப் பார்த்தால் குடியரசு நாணயங்களிலேயே இவ்வளவு யோசித்துச் செய்த அளவுமுறை அரிது. பழையவற்றோடு ஒரே டப்பாவில் கலக்கும்போதுதான் சிக்கல். 23 மி.மீ. என்பது 1992 முதல் ஐந்து ரூபாயின் அளவு. இப்போது அது இரண்டு ரூபாய். 2007-இன் எவர்சில்வர் ஐந்து ரூபாயையும் இன்றைய இரண்டு ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் நிறமும் ஒன்று, விட்டமும் ஒன்று. எடை மட்டும் 6 கிராமும் 4.07 கிராமும். கல்லாவில் கை தவறுவது இங்கேதான்.

இனி படம்.

பழைய இரண்டு ரூபாயைப் பலர் கொண்டாடுவதற்குக் காரணம் அதன் பதினொரு பக்கங்கள். இந்திய வரைபடம் போட்ட அந்தக் காசைப் பையில் தேடும்போது கண்ணே தேவையில்லை, மூலை விரலில் தட்டிவிடும். 2005-இல் அது போய், 27 மி.மீ. வட்டத்தில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டி நான்கு மூலையில் நான்கு புள்ளி வைத்த வடிவம் வந்தது. வேற்றுமையில் ஒற்றுமை என்பது அதன் கருப்பொருள். சிலுவைபோல இருக்கிறது என்று கிளம்பிய சர்ச்சைதான் செய்தியானது. சேகரிப்பவர்கள் சொன்ன குறை வேறு: அதே கோடும் புள்ளியும் 25 மி.மீ. ஒரு ரூபாயிலும் இருந்தது. ஒரே படம், ஒரே உலோகம், இரண்டு மி.மீ. வித்தியாசம்.

2007-இல் வந்த முத்திரைக் கை வரிசை கருத்தளவில் மிக நல்லது. எட்டணாவுக்கு மூடிய கை, ஒரு ரூபாய்க்கு நீட்டிய கட்டைவிரல், இரண்டு ரூபாய்க்கு இரண்டு விரல். எழுத்து தெரியாதவரும் எண்ணிவிடலாம். பரதம் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு அந்தக் கை அந்நியமும் இல்லை. ஆனால் ஐந்து ரூபாய் வந்தபோது ஐந்து விரலை விரித்துக் காட்டாமல் அலைபோல வளைகோடுகளைப் போட்டுவிட்டார்கள். எண்ணும் முறையை அந்த இடத்தில் அறுத்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. வரிசை நிலைத்திருந்தால் மக்களுக்குப் பழகியிருக்கும். 2011-லேயே அடுத்த வடிவம் வந்துவிட்டது.

"பழைய காசில் உருவம் எழும்பி நிற்கும், புதியதில் தட்டையாக இருக்கிறது" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது வெறும் பாசம் இல்லை, காரணம் உலோகத்தில் இருக்கிறது. நம் எவர்சில்வர் காசு 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். காந்தம் வைத்தால் ஒட்டும்; வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பெரும்பாலும் ஒட்டாது. செம்பு-நிக்கலைவிட இது கடினமானது. அச்சின் பள்ளத்துக்குள் உலோகம் முழுவதும் ஓடி நிரம்ப அதிக அழுத்தம் வேண்டும், அழுத்தம் கூடினால் அச்சு சீக்கிரம் தேயும், விரிசல் விடும். அதனால் பள்ளத்தையே ஆழம் குறைத்து வெட்டுகிறார்கள். ஒரு பக்கம் பெரிய உருவம் இருந்தால் உலோகம் அந்தப் பக்கம் இழுபடும். மறுபக்கம் அதே இடத்தில் எழுத்து மங்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர், இவ்வளவு போதும். விளக்கை மேலிருந்து அடிக்காமல் காசின் விளிம்பு உயரத்துக்குத் தாழ்த்துங்கள். தலைப் பக்கத்தில் சிங்கத்தின் பிடரி மயிர் தனித்தனியாகத் தெரிகிறதா, மொழுக்கென்று இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பூப் பக்கத்தில் வருடத்தின் கீழே பாருங்கள். வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், வட்டப் புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. தேய்ந்த அச்சில் வைரத்தின் மூலைகள் மழுங்கிப் புள்ளிபோலத் தெரியும். மும்பைக் காசை நொய்டா என்று எழுதி வைக்கும் தவறு அதனால்தான் வருகிறது. நான்கு முனையையும் லென்ஸில் எண்ணிய பிறகு எழுதுங்கள்.

நினைவு நாணயங்களுக்கு வருகிறேன். 1964-இல் நேருவுக்காக வந்ததுதான் முதல். இன்று இவற்றின் வடிவம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு: நடுவில் முகம், ஒருபுறம் இந்தியில் பெயர், மறுபுறம் ஆங்கிலத்தில், கீழே ஆண்டு. பல நேரம் ஒரே படத்தை 44 மி.மீ. 100 ரூபாய் வெள்ளி நாணயத்துக்கும் 23 மி.மீ. ஐந்து ரூபாய்க்கும் பயன்படுத்துகிறார்கள். விட்டம் பாதியானால் பரப்பு கிட்டத்தட்டக் கால் பங்குதான் மிஞ்சும். வெள்ளியில் 0.2 மி.மீ. இருந்த கோடு சின்னக் காசில் 0.1 மி.மீ. ஆகிவிடும், இரண்டு வருடம் கைமாறினால் கண்ணும் மூக்கும் காணாமல் போகும். 2010-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்காக 1000 ரூபாய் நாணயமும் ஐந்து ரூபாயும் வந்தன. தளம் தளமாக உயரும் விமானம், சின்ன வட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத உருவம். சின்னக் காசுக்கு முழு விமானத்தையும் அடைக்காமல் ஒரு நந்தியையோ ஒரு சிகரத்தையோ தனியாக வரைந்திருக்க வேண்டும் என்பேன். காண்டாமிருக நாலணா 19 மி.மீ.தான். ஒரே ஒரு விலங்கு, வட்டம் நிறைய. அதனால்தான் தேய்ந்த காசிலும் அது காண்டாமிருகம்தான்.

வகை கூடக் கூட எங்களுக்குக் கொண்டாட்டம், மக்களுக்குத் திண்டாட்டம். இதை மறைக்காமல் சொல்லவேண்டும். 10 ரூபாய் நாணயத்தைச் சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். ரூபாய்க் குறி இல்லாதது போலி, கோடு குறைந்தது போலி என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு பரவியது. 14 வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. ரூபாய்க் குறி வந்ததே 2010-இல். அதைத் தாங்கிய காசு 2011-இல். அதற்கு முந்தைய காசில் எப்படி இருக்கும்? (அந்தக் குறியை வரைந்த உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். பொதுப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்ததால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. புழக்கக் காசின் படங்களை வரைந்தவர்கள் பெயர் தெரிவதில்லை. அவற்றுக்கும் பொதுப் போட்டி வைக்கலாம்.)

வடிவத்தை முடிவு செய்வது ரிசர்வ் வங்கி அல்ல. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி மத்திய அரசு. ரிசர்வ் வங்கியின் வேலை புழக்கத்துக்கு விடுவது. ஆகவே கருத்து எழுத விரும்பினால் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு எழுதுங்கள், சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்கு அல்ல. எழுதும்போது "அழகாக இல்லை" என்று எழுதினால் பயனில்லை. எந்தக் காசு, எந்த வருடம், எத்தனை மி.மீ., எதோடு குழம்புகிறது என்று எழுதுங்கள்.

தமிழ்நாட்டுச் சேகரிப்பவர்களுக்கு இன்னொரு ஏக்கம் உண்டு. ரூபாய் நோட்டின் பின்பக்கம் தமிழ் உட்பட 15 மொழிகள் இருக்கின்றன. காசில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும். இடம் இல்லை என்பார்கள். ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் செம்பு-நிக்கல் அணாவில் ஆங்கிலத்தோடு உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு எழுத்துகளில் மதிப்பு இருந்தது. அந்தச் சின்னக் காசிலேயே இடம் இருந்திருக்கிறது, தமிழுக்குத்தான் இல்லை. அதற்கும் முன்னால், கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்கு அடித்த செப்புக் காசுகளில் தமிழும் தெலுங்கும் உண்டு. தங்கசாலைத் தெரு என்ற பெயரே கம்பெனியின் நாணயச்சாலை அங்கே இருந்ததால் வந்ததுதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் நாணயப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

குடியரசுக் காசில் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் இரண்டைச் சொல்வேன். 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியிட்ட கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்தில் ‘தமிழ் வெல்லும்’ என்று இருக்கிறது. அது விற்பனைக்கு மட்டும், சில்லறையில் வராது. இன்னொன்று 2009-இல் வந்த அறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய். அண்ணாவின் உருவத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தையே பதித்திருக்கிறார்கள். இது சில்லறையிலேயே கிடைக்கும், ஐந்து ரூபாய் வாங்கும்போதெல்லாம் திருப்பிப் பாருங்கள். லட்சக்கணக்கில் விலை போகும் என்று யூடியூபில் சொல்வதை நம்பவேண்டாம். கிடைத்தால் புளி போட்டோ சபீனா போட்டோ தேய்க்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஒற்றித் துடைத்து, பிவிசி இல்லாத மைலார் (ஒரு வகைத் தெளிவான பிளாஸ்டிக்) உறையில் போடுங்கள். அந்தக் கையெழுத்தின் கோடுதான் காசிலேயே மெல்லியது. தேய்த்தால் முதலில் அழிவது அதுதான்.