முகலாயப் பேரரசு உடைந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஔரங்கசீப்புக்குப் பின் வந்தவர்கள் சுகவாசிகள், அதனால் முகலாயப் பேரரசு வீழ்ந்தது என்று பள்ளியில் படித்தேன். 1739இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா டெல்லியைச் சூறையாடியதுதான் காரணம் என்கிறார் நண்பர். எது சரி?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டும் போதாது. மன்னரின் குணத்தைவிட, அவரால் ஒரு சுபேதாரை (மாகாண ஆளுநரை) இடம் மாற்ற முடிந்ததா என்று பாருங்கள்.

ஒவ்வொரு சுபாவிலும், அதாவது மாகாணத்திலும், படை சுபேதாரிடம், வரிவசூல் திவானிடம். இருவரையும் டெல்லி தனித்தனியே நியமித்தது. படை வைத்திருப்பவனிடம் கருவூலம் இல்லை. கருவூலம் உள்ளவனிடம் படை இல்லை. அதிகாரிகளுக்குச் சம்பளமாகத் தந்த வரிவருவாய் நிலங்களான ஜாகிர்களையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினார்கள், யாரும் ஓரிடத்தில் வேரூன்றக் கூடாதென்று. அருமையான ஏற்பாடு. ஆனால் மாற்றும் அதிகாரம் முழுக்க ஒரே மனிதரிடம், பேரரசரிடம், இருந்தது.

முதல் விரிசல் ஔரங்கசீப் காலத்திலேயே விழுந்துவிட்டது. பீஜப்பூரையும் (1686) கோல்கொண்டாவையும் (1687) பிடித்தபின், தக்காணப் பிரபுக்களையும் மராத்தியத் தலைவர்களையும் வளைத்துப்போட மன்சப் எனும் பேரரசின் தரநிலைப் பதவிகளை அள்ளிக் கொடுத்தார். பதவி பெருகிய அளவுக்கு ஜாகிர் நிலம் பெருகவில்லை. ஏட்டில் எழுதிய வருவாய் ஒன்று, உண்மையில் வசூலானது வேறு. பதவி கிடைத்தும் ஜாகிருக்காகப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கிடைத்தவர்கள், அடுத்த மாற்றலுக்குள் குடியானவர்களைப் பிழிந்தார்கள்.

அடுத்தது வாரிசுச் சிக்கல். மூத்தவனுக்கே பட்டம் என்ற விதி கிடையாது. முன்பெல்லாம் இளவரசர்கள் தங்கள் சொந்தப் படையைக் கொண்டு ஒருவரோடொருவர் மோதினார்கள். வென்றவருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. ஆனால் 1712இல் ஜஹாந்தர் ஷாவை அரியணையில் அமர்த்தியவர் சுல்ஃபிகார் கான் என்ற பிரபு. 1713இல் ஃபரூக்சியாரை அமர்த்தியவர்கள் சையித் சகோதரர்கள் என்ற இரு பிரபுக்கள், 1719இல் இறக்கியவர்களும் அவர்களே. அந்த ஓராண்டில் மட்டும் நால்வர் அரியணையில் இருந்தார்கள். பிரபுக்களின் தயவில் அமர்ந்தவர் அவர்களை எப்படி இடம் மாற்றுவார்?

வங்கத்தைப் பாருங்கள். திவானாக இருந்த முர்ஷித் குலி கான் 1717இல் சுபேதாரும் ஆனார். படையும் கருவூலமும் ஒரே கையில். டெல்லிக்குப் பணம் ஒழுங்காகவே அனுப்பினார், அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. 1727இல் அவர் இறந்ததும் பதவி மருமகனுக்குப் போனது. தக்காணத்திலும் அப்படித்தான்: 1724இல் அங்கே சுபேதாராக இருந்த நிஜாம், தன் இடத்துக்கு நியமிக்கப்பட்ட முபாரிஸ் கானைப் போரில் கொன்றார். பேரரசர் நிஜாமுக்கே தக்காணத்தை விட்டுக்கொடுத்தார்.

நாதிர் ஷா வந்தது இதற்கெல்லாம் பிறகு. அவர் போன மறு ஆண்டே, 1740இல், அலிவர்தி கான் வங்க நவாபைக் கொன்று பதவியைப் பிடித்தார். டெல்லி அதற்கும் ஒப்புதல் பத்திரம் கொடுத்தது.