மணிமுடி இல்லாத மொழிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு வருடமாக ரஷ்ய மொழி படிக்கிறேன். ஜார், கரோல், க்னியாஸ் என்று ஸ்லாவிய மொழிகளில் உள்ள அரச பட்டங்கள் எல்லாமே இரவல் என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று. உக்ரைனியர்களுக்கென்று ஒரு ஜார் இருந்ததில்லை. அப்படியானால் அவர்கள் பேசுவது ரஷ்ய மொழியின் வட்டார வழக்குதானே?

ம.

அன்புள்ள ம.,

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. உண்மைதான். ஜார், ரோமாபுரியின் சீசரிலிருந்து வந்தது. கரோல், பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் சொந்தப் பெயரான கார்லிலிருந்து. க்னியாஸ், பழைய ஜெர்மானியச் சொல். 1547-ல் நான்காம் இவான் மாஸ்கோவில் ஜாராக முடிசூடுவதற்கு 600 ஆண்டுகளுக்கு முன்பே பல்கேரியாவின் சிமியோன் அந்தப் பட்டத்தோடு ஆண்டிருக்கிறார். இரவல் வாங்கியதில் ஒரு குறையும் இல்லை. போகட்டும்.

இரண்டாவதுதான் என்னைக் கோபப்படுத்தியது. "வட்டார வழக்குதானே" என்கிறீர்கள். அது கேள்வி இல்லை, தீர்ப்பு. இதே தீர்ப்பை 1863-ல் ரஷ்யப் பேரரசின் உள்துறை அமைச்சர் வலூயெவ் சுற்றறிக்கையாகவே அனுப்பினார். தனியாக ஒரு 'சின்ன ரஷ்ய' மொழி (உக்ரைனிய மொழியைப் பேரரசு அப்படித்தான் அழைத்தது) இருந்ததில்லை, இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை அதில் எடுத்துக்காட்டி, பாமர மக்களுக்கான உக்ரைனியப் புத்தகங்களுக்குத் தடை போட்டார். 1876-ல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் இன்னும் இறுக்கினார். வெளிநாட்டிலிருந்து உக்ரைனியப் புத்தகம் வரக் கூடாது, மேடையில் நாடகம் கூடாது, இசைக்குறிப்புக்குக் கீழே பாட்டின் வரிகளைக்கூட அச்சிடக் கூடாது. இல்லாத மொழிக்கு எதற்கு இத்தனை காவல்? கடைசியில் 1905-ல் பீட்டர்ஸ்பர்க்கின் அறிவியல் அகாதமியே இந்தத் தடைகளை நீக்கச் சொன்னது.

நீங்கள் படித்த ரஷ்ய மொழியில் 'நிதேல்யா' என்றால் வாரம். உக்ரைனிய மொழியில் 'நெதீல்யா' ஞாயிற்றுக்கிழமை. வாரத்துக்கு அவர்கள் சொல்வது 'தீஜ்தென்', அதன் உறவு போலிஷிலும் செக்கிலும் இருக்கிறது. இந்த மொழிகள் ஒன்றுக்கொன்று ஒட்டிக்கிடப்பவை. எல்லைக்கோட்டைப் பட்டத்தை வைத்துப் போட முடியாது. உங்கள் கணக்கே சரியென்று வைத்துக்கொண்டாலும், 1253-ல் போப் அனுப்பிய முடியை, இன்றைய மேற்கு உக்ரைனில் இருந்த ஹாலிச் நாட்டின் தனிலோ சூடியிருக்கிறார். ஆனால் அதைக் காட்டி வாதாட எனக்கு விருப்பமில்லை. முடி இருந்தால்தான் மொழி என்ற எண்ணமே தவறு.

இன்னொரு ஸ்லாவிய மொழியான ஸ்லோவீனியத்தைப் பாருங்கள். கரிந்தியாவில், இன்றைய தெற்கு ஆஸ்திரியாவில், தலைகீழாகக் கிடந்த ஒரு ரோமானியத் தூணின் அடிக்கல் இருந்தது. புதுக் கோமகன் பதவியேற்க வரும்போது அதன்மேல் ஒரு குடியானவர் உட்கார்ந்திருப்பார். கோமகன் குடியானவர் உடையில், மாடும் குதிரையும் உடன்வர, எதிரே வந்து நிற்க வேண்டும். "வருவது யார்? நல்ல நீதிபதியா?" என்று குடியானவர் ஸ்லோவீனிய மொழியில் விசாரிப்பார். பதில் திருப்தியானால் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு, அப்புறம் எழுந்து இடம்விடுவார். வந்தவர்கள் ஜெர்மன் பிரபுக்கள். ஹாப்ஸ்பர்க் வம்சத்து எர்ன்ஸ்ட் 1414-ல் அந்தக் கல்முன் நின்றார், அவர்தான் கடைசி. ஸ்லோவீனியர்களுக்கென்று சொந்த அரச வம்சம் அப்போது இல்லை. ஆனாலும் அங்கே பட்டம் அவர்கள் மொழியில் கேட்டுத்தான் கொடுக்கப்பட்டது.

மொழிமேல் உங்களுக்கு ஆசை இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் கடிந்துகொண்டேன். ஓர் உக்ரைனியச் செய்தித்தாளை எடுத்து, அகராதி இல்லாமல் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். எங்கெங்கே தடுக்கிறது என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.