கேள்வி பதில்: குதிரேமுக் என்ற இரும்பு ஊர்

போன இதழில் சுரங்க ஊர்களைப் பற்றி எழுதியபோது, நான் குதிரேமுக்கில் ஃபிட்டராக இருந்தவன் என்று ஒரு வரி சொல்லி வைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கே பதில்.

குதிரேமுக் என்பது மலையா, ஊரா?
(விருதுநகர் வாசகர்)

இரண்டும். சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,890 மீட்டருக்குச் சற்று மேலே நிற்கிறது சிகரம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் குதிரை முகம் தெரியும் என்பார்கள். நான் பார்க்கும்போதெல்லாம் மேகம்தான் தெரிந்தது. ஊர் பத்ரா ஆற்றை ஒட்டி, மல்லேஸ்வரா என்ற சிற்றூர் இருந்த இடத்தில், இரும்புத் தாது வெட்டிய அரசு கம்பெனி கட்டியது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையவை. சிகரத்தை யாரும் வெட்டவில்லை. வெட்டியது ஆரோலி, மல்லேஸ்வரா பக்கத்துக் குன்றுகளை.

நடுக்காட்டில் அவ்வளவு பெரிய ஆலை எதற்கு? தாதுவை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோயிருக்கலாமே?
(ஓசூர் வாசகி)

தாது நல்ல ரகமாக இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். சத்தீஸ்கரின் பைலாடிலாவில் வெட்டும் கல்லில் நூற்றுக்கு 65 பங்கு இரும்பு. அதை உடைத்து ரயிலில் ஏற்றினால் முடிந்தது. எங்கள் ஊர்க் கல்லில் 38 பங்குதான். மீதி மணலும் கல்லும். அந்த வெறும் சுமைக்கு யார் லாரி வாடகை கொடுப்பது? அங்கேயே அரைத்து, இரும்பை மட்டும் பிரித்தெடுத்தாக வேண்டும்.

1913-லேயே சம்பத் ஐயங்கார் என்ற நிலவியலாளர் அங்கே இரும்பு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் மட்டத் தாது என்பதால் அறுபது வருடம் யாரும் தொடவில்லை. 1975-ல் ஈரான் மன்னர் ஷா, எண்ணெய்ப் பணத்தில் உருக்காலைகள் கட்ட நினைத்து, 63 கோடி டாலர் கடன் தருவதாக ஒப்பந்தம் போட்டார். பதிலுக்கு 21 வருடத்தில் 15 கோடி டன் இரும்புத்தூள் அவருக்குப் போக வேண்டும். 1976 ஏப்ரலில் கம்பெனி பிறந்தது. 1979-ல் ஈரானில் புரட்சி. ஷா நாட்டை விட்டே போய்விட்டார். பேசிய கடன் முழுதும் வரவில்லை. இந்திய அரசு கைப்பணம் போட்டு 1980-ல் ஆலையை முடித்தது. வருடத்துக்கு 75 லட்சம் டன் தூள் எடுக்கிற ஆலை தயார், வாங்க ஆள் இல்லை. அப்புறம் வேறு நாடுகளில் ஆள் பிடித்தார்கள். தூளை அப்படியே ஊதுலையில் கொட்ட முடியாது, காற்றில் பறந்துவிடும். அதனால் அதை உருண்டையாக்கிச் சுடும் பெல்லட் ஆலை ஒன்று 1987-ல் மங்களூரில் வந்தது.

ஆலைக்குள் நடந்ததையும் சொல்கிறேன். பெரிய மில்லில் இரும்புக் குண்டு போட மாட்டார்கள். கல்லே கல்லை அரைக்கும். மாவானதும் தண்ணீரில் கலந்து காந்த உருளைகளின் மேல் விடுவார்கள். இரும்பு ஒட்டிக்கொள்ளும், மணல் கழுவிக்கொண்டு போகும். ஷிப்ட் முடிந்து வந்தால் காதுக்குள், நகக்கண்ணில், டிபன் பாக்ஸ் மூடியின் இடுக்கில் கறுப்புத் தூள். பையன்கள் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை அப்பாவின் யூனிபார்ம் பாக்கெட்டில் விட்டு எடுப்பார்கள், அதற்கு மீசை முளைத்திருக்கும். பிரித்த தூளைக் குழம்பாகவே 67 கிலோமீட்டர் குழாயில் மங்களூர் துறைமுகத்துக்கு அனுப்பினோம். அந்தக் குழாய்க்கும் பம்புக்கும்தான் என் ஸ்பேனர் அதிகம் வேலை பார்த்தது.

எங்கள் கஞ்சமலையிலும் இரும்பு இருக்கிறதே. அங்கே ஏன் இப்படி ஓர் ஊர் வரவில்லை?
(சேலம் வாசகர்)

ஏறக்குறைய அதே ரகம்தான்: மாக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் தாது, அதுவும் மட்டம். சேலத்துத் தாதுவை வைத்து 1830-களிலேயே ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கினார். கரி எரித்துக் கட்டுப்படியாகவில்லை. சேலம் உருக்காலைக்கான பேச்சு தொடங்கியதும் கஞ்சமலையை நம்பித்தான். கடைசியில் வந்தது வெளியிலிருந்து உருக்கு வாங்கித் துருப்பிடிக்காத தகடு போடும் ஆலை. ஷா மாதிரி ஒருவர் கஞ்சமலைக்கு வரவில்லை. வராததே நல்லது என்பது என் கட்சி.

அங்கே வேலை பார்த்த நீங்களே அப்படிச் சொல்லலாமா? சுரங்கத்தை மூடியது சரியா?
(திருச்சி வாசகர்)

சரி. சம்பளம் வாங்கிய இடம் என்பதற்காக மாற்றிச் சொல்ல முடியாது. அங்கே வருடத்துக்கு 6,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டும், சென்னையில் பெய்வதைப் போல நாலு மடங்கு. திறந்து கிடக்கிற சுரங்கத்தில் அது விழுந்தால் மண் நேராக பத்ராவுக்குத்தான் போகும். பத்ரா துங்காவோடு சேர்ந்து கிருஷ்ணாவுக்குப் போகிறது. சென்னைக்காரர்கள் குடிக்கும் கிருஷ்ணா நீரிலும் அதில் ஒரு துளி இருக்கலாம். கழிவுச் சேற்றைத் தேக்க லக்யா ஓடையில் சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு மண் அணை கட்டினார்கள். தாது மட்டமாக இருந்தால் கழிவு அதிகம், அவ்வளவுதான் கணக்கு. சுற்றிலும் சோலைக்காடு, புல்வெளி, சிங்கவால் குரங்கு. 1987-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தபோதே எங்களில் விவரம் தெரிந்தவர்கள் பெட்டியைக் கட்டலாம் என்றார்கள்.

1999-ல் குத்தகை முடிந்தது. முன்னாள் வனச்சரகர் கே.எம். சின்னப்பா தொடுத்த வழக்கில் 2002 அக்டோபர் 30 அன்று உச்ச நீதிமன்றம், 2005 முடிவோடு நிறுத்தச் சொன்னது. கடைசி வருடம் கேன்டீனில் சுரங்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. யாருக்கு மங்களூர், யாருக்கு விருப்ப ஓய்வு என்பதுதான் பேச்சு. கடைக்காரர்களுக்கும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் இரண்டும் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. மங்களூர் பெல்லட் ஆலைக்கு அப்புறம் தாது எங்கிருந்து வந்தது தெரியுமா? பைலாடிலாவிலிருந்து, விசாகப்பட்டினம் வழியாகக் கப்பலில்!

இப்போது போய்ப் பார்க்கலாமா?
(புதுச்சேரி வாசகி)

கார்களாவிலிருந்தோ களசாவிலிருந்தோ போகலாம். செக்போஸ்டில் நேரம் குறித்துச் சீட்டு தருவார்கள். வழியில் இறங்கி நிற்காதீர்கள். சிகரம் ஏற வனத்துறை அனுமதி வேண்டும், பாதை முல்லோடியில் தொடங்குகிறது. மழைக்காலமென்றால் அட்டைக்கு உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள், கேட்டுப் பார்க்கவும் வேண்டாம்.