சீட்டுக் காசில் பெயின்ட்போல் மார்க்கர் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. வீடு ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், வேலை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில். சம்பளமும் சேர்விஸ் சார்ஜும் சேர்ந்து மாதம் 75,000 ரூபா அளவில் கைக்கு வரும். போன வருஷம் கூட்டாளிமாரோடு நான்கு தடவை, பெயின்ட் அடைத்த பந்துகளால் ஒருவரை ஒருவர் சுடுகிற பெயின்ட்போல் விளையாடினேன், ரொம்பப் பிடித்துவிட்டது. மைதானத்தில் ஆளுக்கு 4,500 ரூபா, மாஸ்க், மார்க்கர் (பந்து சுடும் துப்பாக்கி), 100 பந்து எல்லாம் அதற்குள். சொந்த மார்க்கர் கொண்டுவந்தால் 1,000 ரூபா குறைப்பார்களாம், ஆனால் பந்து அவர்களிடம்தான் வாங்க வேண்டும், மேலதிகமாக எடுத்தால் ஒன்று 20 ரூபா. அடுத்த மாதம் எனக்கு 150,000 ரூபா சீட்டு விழுகிறது. ஒன்லைனில் பார்த்த மின்சார மார்க்கர், டாங்கி, பந்து போட்டு வைக்கும் ஹொப்பர், மாஸ்க் எல்லாம் சேர்த்து அந்தக் காசுக்குள் வருகிறது. கட்டாரில் இருக்கும் அண்ணன் லீவில் வரும்போது கொண்டுவரச் சொல்லவா? அம்மா கூரைத் தகரம் மாற்றலாம் என்கிறார்.

பதில்: தம்பி, இத்தனை கணக்கையும் விவரமாக எழுதிவிட்டு, கூரையைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் நீங்களே கொடுத்த எண்களைப் பார்ப்போம்.

சொந்த மார்க்கர் இருந்தால் ஒரு நாளைக்கு மிச்சம் 1,000 ரூபா. போட்ட 150,000 திரும்பி வர 150 நாள் விளையாட வேண்டும். வருஷத்துக்கு நான்கு தடவை போகிறீர்கள், ஆக 37 வருஷம் சொச்சம். உங்களுக்கு அப்போது 63 வயது, முட்டிவலியோடு புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டிருப்பீர்கள். சரி, இனிமேல் அடிக்கடி போவேன் என்பீர்கள். போவீர்களா? மே மாதம் பிடிக்கிற மழை ஹட்டன் பக்கம் செப்டெம்பர் வரைக்கும் விடாது. ஏப்ரலில் அந்த மழை இன்னும் பிடித்திருக்காது, ஆனால் அதுதான் நுவரெலியா சீசன், ஹோட்டலில் வேலை செய்கிறவனுக்கு ஏப்ரலில் லீவு கேட்கவே வாய் வராது. எப்படிப் பார்த்தாலும் வருஷத்துக்கு ஏழெட்டு நாளுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இது சேமிப்பு இல்லை, ஆசைக்கான செலவு. ஆசைக்குச் செலவு செய்வது குற்றமில்லை, நானும் செய்கிறேன். ஆனால் ‘நீண்ட காலத்தில் லாபம்’ என்று அதற்கு ஒரு சட்டை போட்டுவிடாதீர்கள்.

இப்போது மார்க்கர் விஷயம். இந்த விளையாட்டில் காசைத் தின்பது மார்க்கர் இல்லை, பந்து. சாதாரண மெக்கானிக்கல் மார்க்கரில் ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு பந்து போகும், விரல் எவ்வளவு வேகமோ அவ்வளவுதான். மின்சார மார்க்கரில் பற்றரியும் சர்க்கிட்டும் வால்வைத் திறந்து மூடுவதால் விசை பஞ்சு மாதிரி இருக்கும், விநாடிக்குப் பத்துப் பந்து போவது அதில் பெரிய விஷயமே இல்லை. அந்த வேகத்தில் உங்கள் கட்டணத்துக்குள் வரும் 100 பந்து பத்து விநாடியில் முடிந்துவிடும். அப்புறம் இன்னொரு 100 எடுப்பீர்கள், 2,000 ரூபா. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இதை மூன்று தடவை செய்தால் 6,000. 1,000 மிச்சம் பிடிக்க வாங்கிய சாமான் ஒரே நாளில் 6,000ஐ விழுங்கிவிடும். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா, அது இந்த மார்க்கருக்கு ஏழு விநாடிக்குக் கூடத் தாங்காது. குத்திக்காட்டச் சொல்லவில்லை, கணக்குப் போட்டபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நான்கு தடவை விளையாடியவருக்கு அந்த வேகத்தால் பிரயோசனமும் இல்லை. எங்கே ஒளிவது, எப்போது ஓடுவது, யார் எந்தப் பக்கம் மூடுவது, இதெல்லாம் பழகும் காலம் இது. பந்து குறைவாக இருக்கும்போதுதான் குறி பார்த்துச் சுடப் பழகுவீர்கள். பம்ப் மார்க்கர் என்று ஒரு வகை உண்டு, ஒவ்வொரு பந்துக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும், ஊறிப்போன ஆட்டக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே அதோடு இறங்குவார்கள். இந்த விளையாட்டு தொடங்கியதே அப்படித்தான். 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடியபோது கையில் இருந்தது நெல்ஸ்பொட் 007, காட்டு இலாகாக்காரர்கள் மரத்துக்கும் பண்ணைக்காரர்கள் மாட்டுக்கும் பெயின்ட் அடையாளம் போட வைத்திருந்த சாமான். மார்க்கர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான்.

என்றைக்காவது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் தரத்துக்கு டிப்மன் 98 கஸ்டம் மாதிரி ஒரு மெக்கானிக்கல் மார்க்கர் போதும். அமெரிக்காவில் 150 டொலர் சுற்றுவட்டத்தில் கிடைக்கும், அலன் கீ இரண்டு மூன்று இருந்தால் வீட்டு மேசையிலேயே கழற்றிப் பூட்டலாம், சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டு ஓடலாம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் பிளானட் எக்லிப்ஸின் எமெக், பற்றரி இல்லாமலேயே மென்மையாகச் சுடும், பந்தை உடைக்காது, அது 250 டொலருக்கு மேல். ஆயிரம் டொலர் தாண்டிய போட்டி மார்க்கர்களைப் பற்றி நாம் பேசவே தேவையில்லை. ஒன்லைனில் டொலர் விலையை 300ஆல் பெருக்கிவிட்டு அதுதான் விலை என்று நம்பாதீர்கள், அனுப்பும் கூலி, சுங்கத் தீர்வை, அதெல்லாம் சேர்ந்த தொகைக்கு மேல் 18 வீதம் வற் வரி. ரூபா எப்போது என்ன செய்யும் என்பதை 2022 மார்ச்சில் பார்த்தோம்தானே, 200இல் இருந்த டொலர் சில வாரத்தில் 300ஐத் தாண்டிவிட்டது.

பட்டியலில் டாங்கி என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், மலையகத்தில் இருக்கிறவருக்கு உண்மையான தலையிடி அதில்தான். மார்க்கருக்கு வேண்டியது 3,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடைத்த காற்று, பெரிய டாங்கி என்றால் 4,500. கார் டயருக்கு 32 அடிக்கிற கராஜில் அது நடக்காது. அந்த அழுத்தத்துக்குக் கொம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கடலில் முக்குளிக்கப் பழக்கும் இடங்கள், அதாவது ஹிக்கடுவை, உனவட்டுன, திருகோணமலை. 48 கன அங்குல, 3,000 பி.எஸ்.ஐ. டாங்கி ஒரு தடவை நிரப்பினால் கிட்டத்தட்ட 500 பந்து சுடலாம். அதற்காக ஹட்டனிலிருந்து ஹிக்கடுவைக்கு பஸ் ஏறுவீர்களா? மைதானத்துக்காரர் நிரப்பிக் கொடுப்பார் என்றால் நல்லது, ஆனால் அவருடைய வால்வும் உங்கள் டாங்கியின் வால்வும் பொருந்துமா, தடவைக்கு எவ்வளவு என்று காசு கொடுக்க முன்னமே கேளுங்கள்.

காபனீரொட்சைட்டு டாங்கி மலிவு, நிரப்பவும் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். கொழும்பில் சரி. அந்த டாங்கிக்குள் இருப்பது திரவம், அழுத்தம் முழுக்க வெப்பநிலையில் தங்கியிருக்கிறது. 30 பாகையில் 72 பார் இருக்கும், 10 பாகைக்கு இறங்கினால் 45 பார்தான். நுவரெலியாவில் ஜனவரி காலையில் நிறுத்தாமல் வேகமாகச் சுட்டுப் பாருங்கள், டாங்கி கையில் ஐஸ் மாதிரி ஆகும், குழல் வாயிலிருந்து வெள்ளைப் புகை வரும், பந்து பாதி வழியில் சோர்ந்து விழும். திரவம் மார்க்கருக்குள் ஏறினால் ஓ-ரிங்குகள் இறுகி வெடிக்கும். ஐம்பது ரூபா பெறுமதியான ரப்பர் வளையம், ஆனால் சரியான அளவில் ஹட்டன் டவுனில் தேடி எடுப்பதற்குள் அந்த சீசன் முடிந்துவிடும்.

அண்ணன் விஷயம். தயவுசெய்து சூட்கேசில் சும்மா போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். குழலும் விசையும் உள்ள ஒரு சாமான் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று யோசியுங்கள், கட்டாரில் பிடித்தால் போவது மார்க்கர் மட்டுமில்லை, அண்ணனின் வேலையும் விசாவும். இங்கேயும் பாதுகாப்பு அமைச்சிடமும் சுங்கத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகுதான் ஒரு சதம் கட்ட வேண்டும். டாங்கியை விமானத்தில் கொண்டுபோவதென்றால் காலியாக்கி, ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளே பார்க்கிற மாதிரி வைக்கச் சொல்வார்கள், சில விமானங்கள் அப்படியும் ஏற்றாது.

இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் டுபாயில் இருந்த என் மச்சான் கையில் ஒரு ட்ரோன் கொண்டுவரச் சொன்னேன். முன் அனுமதி வேண்டும் என்று தெரிந்தும், சின்னச் சாமான்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற திமிர். விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். பண்டாரவளையிலிருந்து மூன்று தடவை கொழும்புக்குப் போய் வந்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு கடதாசி குறைந்தது. கடைசியில் ட்ரோனின் விலையில் பாதி அளவுக்குச் செலவழித்த பிறகு விட்டுவிட்டேன். அந்தத் துண்டு இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. மச்சான் இப்போதும் என் வீட்டுக்கு வந்தால் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்.

அடுத்தது சீட்டு. எத்தனையாவது சீட்டு என்று எழுதவில்லை. 15 பேர், மாதம் 10,000 என்றால், உங்களுக்கு விழுவது ஐந்தாவது என்று வைத்துக்கொள்வோம். கையில் 150,000 வரும், ஆனால் இன்னும் பத்து மாதம் 10,000 கட்ட வேண்டும். ஆகவே அதில் 50,000தான் உங்கள் காசு, மிச்சம் 100,000 வட்டியில்லாத கடன். வட்டியில்லாத கடன் கிடைப்பது பெரிய விஷயம், அதை 37 வருஷத்தில் தேறும் சாமானில் போடாதீர்கள். அதுவும் உங்கள் வருமானத்தில் ஒரு பங்கு சேர்விஸ் சார்ஜ். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022இல் பெற்றோல் வரிசையிலும் அது என்னவானது என்று உங்கள் ஹோட்டலில் பழைய ஆட்களைக் கேளுங்கள். அறை காலியானால் அது பூச்சியம், சீட்டுத் தவணை மட்டும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும்.

அம்மா சொல்வதைக் கேளுங்கள். காம்பராவில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைத்திருக்கிறீர்களா, தகரம் துருப்பிடித்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, ஆனால் மழைக்கு முன்னால் மாற்றினால் ஒரு விலை, மழையில் ஒழுகி மெத்தையும் டீவியும் கெட்ட பிறகு மாற்றினால் இன்னொரு விலை. தகரத்துக்கும் ஆணிக்கும் ஆட்கூலிக்கும் போக மிஞ்சுவதை, மூன்று மாதச் சீட்டுத் தவணை அளவுக்காவது, தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு அந்த அட்டையை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆசைக்கு? மாதம் 2,500 ரூபா ஒதுக்குங்கள், வருஷத்துக்கு 30,000. அதில் ஆறு தடவை மைதானத்துக் கட்டணம் கட்டி விளையாடலாம், மூவாயிரம் மிஞ்சும், அதுவும் பந்துக்குப் போய்விடும். மைதானத்து மார்க்கர் பழசுதான், விசை இறுக்கமாக இருக்கும், ஆனால் ஓ-ரிங் போனால் அது அவர்களுடைய பாடு. இரண்டு வருஷம் இப்படி ஓடிய பிறகும் மழையில் நனைந்துகொண்டு போகிற அளவுக்குப் பித்து இருந்தால், அனுமதி, காற்று இரண்டும் முடிவான பிறகு, அந்த மெக்கானிக்கல் மார்க்கரைப் பற்றி எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

இப்போதே ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்றால் மாஸ்க் வாங்குங்கள், அண்ணன் பயமில்லாமல் கொண்டுவரக்கூடியதும் அதுதான். பந்து விநாடிக்கு 280, 300 அடி வேகத்தில் வருகிறது, கண்ணில் பட்டால் கண் போச்சு. வாடகை மாஸ்க்கில் ஒற்றைக் கண்ணாடி, பத்து பேருடைய வியர்வை, மூச்சு விட்டதும் மங்கிவிடும், மங்கினதும் கழற்றித் துடைக்கத் தோன்றும், விபத்து நடப்பது அந்த நேரத்தில்தான். இரண்டு அடுக்குத் தெர்மல் லென்ஸ் உள்ளது 50, 60 டொலருக்குக் கிடைக்கும். பெட்டியில் ஏஎஸ்டிஎம் எஃப்1776 என்று, அதாவது பெயின்ட்போல் மாஸ்க்குக்கான பாதுகாப்புத் தரக் குறி, அச்சடித்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள், மோட்டார் சைக்கிள் கண்ணாடியைக் காட்டி இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். கறுப்பு லென்ஸ் எடுக்காதீர்கள், தெளிவான லென்ஸ் எடுங்கள். உங்கள் பக்கம் மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிடும்.