லிங்கன் வாங்கிய ஃபீஸ்

கேள்வி: ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக இருந்தபோது ஏழைகளுக்கு இலவசமாகவே வாதாடினாராமே? இன்றைய வக்கீல்கள் ஏன் அப்படி இல்லை?

பதில்: இலவசமாக வாதாடியதும் உண்டு. 1858-ல் கொலை வழக்கில் மாட்டிய டஃப் ஆம்ஸ்ட்ராங்குக்காக ஆஜரானபோது காசு வாங்கவில்லை. அவனுடைய தாய் ஹன்னா, கையில் ஒன்றுமில்லாத இளைஞனாக லிங்கன் நியூ சேலத்தில் இருந்த காலத்தில் சோறு போட்டவர். நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியைப் பஞ்சாங்கத்தைக் காட்டி மடக்கிய கதை நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் தொழில் இலவசமாக நடக்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் ஆபீஸ் இருந்தாலும், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போகும் கோர்ட்டோடு இல்லினாய் மாநிலத்துச் சேற்றுப் பாதைகளில் குதிரையிலும் வண்டியிலும் அலைந்தார். சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு வக்கீல். ஜட்ஜ் டேவிட் டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில். மனிதர் 300 பவுண்டு எடை! முக்கியமான கடிதங்கள் லிங்கனின் உயரமான தொப்பிக்குள் இருக்கும். வழக்குகளில் பாதிக்கு மேல் கடன் பாக்கிதான். ஃபீஸ் பெரும்பாலும் ஐந்து, பத்து, இருபது டாலர். இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே 5,000 டாலர் தர மறுத்தபோது, கட்சிக்காரரான அந்தக் கம்பெனி மீதே 1857-ல் வழக்குப் போட்டு வாங்கினார். அப்புறமும் அதே கம்பெனிக்கு வாதாடினார். உழைத்தவர் கூலி கேட்டார், இதில் என்ன குறை?

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். பெரியவர்களின் வாழ்க்கை வரலாற்றை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். இதை எழுதும்போதெல்லாம் கோபமாகக் கடிதம் வருகிறது, வரட்டும். 1841-ல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண் அடிமை அல்ல என்று மாநில உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர் லிங்கன். 1847-ல் அவரே ராபர்ட் மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக ஆஜரானார். அடிமை முறை இருந்த கென்டக்கியிலிருந்து, அதற்குத் தடை இருந்த இல்லினாயில் தன் பண்ணைக்கு அவன் கொண்டுவந்த ஜேன் பிரையன்ட்டையும் அவள் பிள்ளைகளையும் அவனிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கு. ஜெயித்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன? நல்லவேளை, தோற்றார். ஜேனும் பிள்ளைகளும் விடுதலையானார்கள்.

பஞ்சாங்கக் கதை சொல்லும் புத்தகங்களில் ஜேனின் பெயரும் வர வேண்டும். லிங்கனை மதிக்கிறவன் என்பதால்தான் கேட்கிறேன். இன்றைய வக்கீல்களைப் பற்றி இன்னொரு இதழில் பேசலாம்.