ஏரித் தண்ணீரைச் செயற்கைக்கோள் படத்தில் அளப்பது எப்படி?

கேள்வி: ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. ஏரி நிரம்பினால் சுமார் 150 ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கும். நவரைப் பட்டத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் காணும் என்று ஒவ்வொரு வருடமும் சங்கத்தில் சச்சரவு. செயற்கைக்கோள் படத்தை வைத்து அளந்துவிடலாம் என்கிறார்கள். முடியுமா, செலவாகுமா? இன்று இலவசமாகக் கொடுத்து நாளை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? பிச்சாட்டூர் ஏரியையும் இதில் பார்க்கலாமா?
— ஏரிப் பாசன சங்கச் செயலாளர்

பதில்: அளக்கலாம். ஒரு கணினியும் இணையமும் இருந்தால் போதும், படத்துக்குக் காசு இல்லை. ஆனால் படத்தில் தெரிவது தண்ணீர் பரந்து நிற்கும் பரப்பு மட்டும்தான், ஆழம் தெரியாது. நவரைக்கு உங்களுக்கு வேண்டிய கணக்கோ கொள்ளளவு. ஆகவே மதகடியில் இருக்கும் அளவுகோலை வாரம் ஒருமுறை படித்து நோட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். அது இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் சச்சரவு தீராது.

உங்களுக்கு ஏற்றது ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் உங்கள் ஊருக்கு மேலே போகிறது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஓர் ஏக்கருக்கு 40 புள்ளிகள். தண்ணீர் விளிம்பில் அரைப் புள்ளி தவறினால் எவ்வளவு பிசகும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஏரி நிரம்பி விளிம்பின் சுற்றளவு 3 கிலோமீட்டர் இருந்தால், ஐந்து மீட்டர் பிசகு மூன்றே முக்கால் ஏக்கர் வரை போகும். 150 ஏக்கரில் அது பெரிதில்லை. ஆனால் சித்திரையில் 20 ஏக்கருக்குத் தண்ணீர் சுருங்கி, சுற்றளவு 1.2 கிலோமீட்டர் ஆகும்போது அதே பிசகு ஒன்றரை ஏக்கர், நூற்றுக்கு ஏழு பங்கு. இதே காரணத்தால் ஏரி எல்லை, ஆக்கிரமிப்பு வழக்குகளுக்கு இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்குப் புல வரைபடமும் நில அளவையரும்தான் வேண்டும்.

தொடங்குவதற்குக் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளம் போதும். உங்கள் ஏரியைத் தேடி, தேதியைத் தேர்ந்து, சென்டினல்-2 எல்2ஏ (காற்றுமண்டலத்தின் தாக்கத்தை நீக்கிய) படத்தைத் திறந்தால் நீர்க் குறியீட்டையும் அங்கேயே காட்டும். தண்ணீர் விளிம்பை ஒட்டிக் கோடு இழுத்தால் பரப்பு வந்துவிடும். கொஞ்சம் பழகியபின், இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் கணக்குப் போடுவதே நல்லது. கையால் இழுக்கும் கோடு ஆளுக்கு ஆள் மாறும். சச்சரவு தொடங்குவதே அங்கேதான். பச்சை அலைவரிசையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். இதுதான் என்.டி.டபிள்யூ.ஐ. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கு மேலே வரும், நிலமும் பயிரும் கீழே போகும். பூஜ்யத்துக்கு மேற்பட்ட புள்ளிகளை எண்ணி 40-ஆல் வகுத்தால் ஏக்கர். படம் யுடிஎம் 44 வடக்கு என்ற, மீட்டரில் அளக்கும் அளவை முறையில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் வைத்துக்கொண்டு எண்ணினால் ஏக்கர் தப்பாக வரும்.

புது வெள்ளம் வந்து தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருக்கும்போது இந்தக் குறியீடு ஏமாற்றும். சேறு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால், இருக்கிற தண்ணீரையே இல்லை என்று சொல்லும். அப்போது அகச்சிவப்புக்குப் பதிலாகக் குற்றலை அகச்சிவப்பை, அதாவது 11-ஆவது அலைவரிசையைப் போடுங்கள். அதன் புள்ளி 20 மீட்டர் என்பதால் விளிம்பு கொஞ்சம் மழுங்கும், ஆனால் கலங்கல் தண்ணீர் தப்பாது.

படத்தைத் தரவிறக்கிக் கணக்குப் போடுபவர்கள் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 சேர்த்துத் தருகிறார்கள். பழைய படத்தில் பச்சை 800, அகச்சிவப்பு 200 என்றால் குறியீடு 0.6. அதே தண்ணீர் புதிய படத்தில் 1800, 1200 என்று வரும், குறியீடு 0.2 ஆகிவிடும். பூஜ்யத்தையே வெட்டு மதிப்பாக, அதாவது தண்ணீர் எது என்று பிரிக்கும் எல்லையாக, வைத்தால் பரப்பு மாறாது. 0.3 போல உயர்த்தி வைத்தவர்கள் கழிக்க மறந்தால் அந்தத் தேதியிலிருந்து ஏரியே வற்றிப்போனதுபோல் தெரியும். முதலில் 1000-ஐக் கழித்துவிட்டுப் பிறகு வகுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் செய்வதானால் 'ஹார்மனைஸ்டு' என்று பெயரிட்ட தொகுப்பை எடுங்கள், அதில் இது சரிசெய்யப்பட்டிருக்கும்.

உங்கள் பக்கத்து ஏரிகளுக்கு இன்னொரு தொல்லை, அவை ஐப்பசி, கார்த்திகையில் நிரம்புவது. வானம் மூடிக்கிடக்கும் மாதங்கள் அவைதான். தொடர்ந்து நாலைந்து படம் வெறும் மேகமாக வந்தால் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போங்கள். அது மேகத்தைத் துளைக்கும், இரவிலும் பார்க்கும். அமைதியான தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும். காற்றடித்து அலை எழும்பினால் வெளுத்துவிடும். ரேடார் அலையை இரண்டு விதமாக வாங்கித் தரும் விவி, விஎச் என்ற இரண்டு படங்களில் விஎச்சைக் காற்று அவ்வளவாகக் குழப்பாது. அதைவிடப் பெரிய குழப்பம், நாற்று நட்டுத் தண்ணீர் கட்டிய சம்பா வயலும் ரேடாருக்கு ஏரியைப் போலவே கறுப்பு. அதனால் கரையையும் உபரி நீர் வழியும் கலங்கலையும் ஒட்டி ஏரியின் முழு எல்லையை ஒருமுறை கவனமாக வரைந்து வைத்துக்கொண்டு, அதற்குள்ளே விழும் புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள்.

ஆகாயத்தாமரையும் நாணலும் மூடிய தண்ணீரைச் சென்டினல்-2 பயிர் என்றே சொல்லும். சீமைக்கருவேலத்தின் அடியில் நிற்கும் தண்ணீரும் அப்படித்தான். ஏரியின் எந்த மூலையில் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை வருடம் ஒருமுறை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வதைத் தவிர இதற்கு எளிய வழி இல்லை. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார் செயற்கைக்கோள் இதற்கு உதவக்கூடும். அதன் நீண்ட அலை ரேடார் இலைகளைத் தாண்டி உள்ளே போய், அடியில் நிற்கும் தண்ணீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புகிறது. அதனால் மரத்தடித் தண்ணீர் பளிச்சென்று தெரியும். 12 நாளுக்கு ஒரு படம்.

இனி கொள்ளளவு. ஒரே நாளில், அல்லது முன்பின் ஒரு நாளில், அளவுகோல் அடியும் படத்தின் ஏக்கரும் கிடைத்தால் அது ஒரு ஜோடி. நிரம்பியதிலிருந்து வற்றும்வரை எட்டுப் பத்து ஜோடிகள் சேர்த்தால் ஒரு பருவத்தில் உங்கள் ஏரிக்கென்று ஓர் அட்டவணை வந்துவிடும். இரண்டு மட்டங்களுக்கு இடைப்பட்ட தண்ணீருக்கு, மேல் பரப்பையும் கீழ்ப் பரப்பையும் அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தையும் கூட்டி, மூன்றால் வகுத்து, அடியால் பெருக்குங்கள். 3 அடியில் 100 ஏக்கர், 5 அடியில் 144 ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், 100, 144, 120 மூன்றின் கூட்டல் 364. மூன்றால் வகுத்து 2 அடியால் பெருக்கினால் சுமார் 243 ஏக்கர்-அடி. ஓர் ஏக்கர்-அடி 43,560 கன அடி என்பதால் மொத்தம் 10.6 மில்லியன் கன அடி.

நெல்லுக்குப் பருவம் முழுவதும் 1,200 மில்லிமீட்டர், ஏறக்குறைய 4 அடித் தண்ணீர் என்று பிடித்தால் மேலே சொன்ன தண்ணீர் 60 ஏக்கருக்குத்தான் காணும். அதிலும் மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் ஆவியாகப் போகும். வாய்க்காலில் ஊறுவது தனி. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே கிடப்பது வயலுக்கு வராது, அதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். கிணறு உள்ளவர்களை முதலிலேயே தனியாகப் பிரித்துவிட்டால் மீதி எத்தனை ஏக்கர் என்பது பேசித் தீர்க்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். ஏரியைத் தூர் வாரினால் அந்த வருடம் பழைய அட்டவணையைத் தள்ளிவைத்துப் புதிதாக எடுக்க வேண்டும். அதே ஏக்கருக்கு இப்போது ஆழம் வேறு.

நாளைக்கும் கிடைக்குமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் ஒரு காலத்தில் ஒன்றுக்கு 600 டாலருக்கும் அதற்கு மேலும் விற்றன. 2008-இல்தான் எல்லாருக்கும் இலவசமாயின. நம் நாட்டில் 2023 விண்வெளிக் கொள்கை, 5 மீட்டரும் அதற்கு மேற்பட்ட புள்ளி அளவும் கொண்ட இஸ்ரோ படங்களை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அவை பூநிதி தளத்தில் கிடைக்கின்றன. பொதுப் பணத்தில் நடப்பவை இவை, பயன்படுத்துகிறவர்கள் பெருகப் பெருக நிறுத்துவது கடினம். இருந்தும் இடையில் அறுபடத்தான் செய்கிறது. சென்டினல்-1பி 2021 டிசம்பரில் பழுதாகி நின்றது, அடுத்து 1சி ஏவப்பட்டது 2024 டிசம்பரில். லேண்ட்சாட்-7 கருவி 2003 மே மாதம் பழுதானபின் அதன் ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கறுப்புக் கோடுகளாகப் போயிற்று. லேண்ட்சாட்-5 படம் 2011 இறுதியில் நின்று, லேண்ட்சாட்-8 வந்தது 2013-இல் என்பதால் 2012-க்கு அந்தக் கோடு விழுந்த படங்கள்தான் மிச்சம். முப்பது வருடக் கதை பார்க்க ஆசைப்பட்டு 30 மீட்டர் லேண்ட்சாட்டுக்குப் போனால், அந்த வருடத்தை இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் படங்களால் நிரப்புங்கள். தளங்களும் மாறும். சென்டினல் படங்களுக்கு எல்லாரும் பழகியிருந்த பழைய தளம் 2023-இல் மூடப்பட்டு வேறு இடத்துக்குப் போனது.

அதனால் உங்கள் படங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டர் சதுரம் மட்டும் வெட்டி, நான்கு அலைவரிசைகளைச் சேமித்தால் ஒரு நாள் படம் 200 கேபிகூட வராது. வருடத்துக்கு 30 படம் என்றாலும் பத்து வருடத்துக்கு 60 எம்பி, ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும். படம் எடுக்கும் தளத்தில் பயனர் கணக்கைச் சங்கத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சலில் தொடங்குங்கள். கல்லூரி முடித்த தம்பி ஒருவர் தன் பெயரில் தொடங்கிச் செய்துகொண்டிருந்து, வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால் எல்லாம் அத்தோடு நின்றுவிடும். தேதி, எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைவரிசை, வெட்டு மதிப்பு, ஏக்கர், அளவுகோல் அடி, மேகம் எவ்வளவு என்று ஒரு வரி நோட்டிலும் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை இரண்டாவது ஆள் ஒருவர் தனியாகப் போட்டுப் பார்த்து அதே ஏக்கர் வருகிறதா என்று பருவத்துக்கு ஒருமுறையாவது சரிபார்க்கட்டும்.

பிச்சாட்டூர் ஏரியையும், எல்லைக்கு அப்பால் உள்ள செருவுகளையும் (ஏரிகளையும்) இதே முறையில் பார்க்கலாம், படத்துக்கு மாநில எல்லை கிடையாது. மேலே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்தால் ஆரணி ஆற்றில் தண்ணீர் வர வாய்ப்புண்டா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் வெள்ள எச்சரிக்கைக்கு மட்டும் இதை நம்பவே நம்பாதீர்கள். படம் வருவது ஐந்து நாளுக்கு ஒன்று, திறந்துவிட்ட தண்ணீர் சுருட்டப்பள்ளியைத் தாண்டி ஊத்துக்கோட்டைக்கு வரச் சில மணி நேரம் போதும். வருவாய்த் துறையினர் ஒலிபெருக்கியில் அறிவித்தால், படத்தில் என்ன தெரிந்தாலும் சரி, மோட்டாரையும் மாட்டையும் ஆற்றோரத்திலிருந்து அப்போதே மேலே ஏற்றிவிடுங்கள்.