இலங்கைப் பயணம்: கேட்டவையும் சொன்னவையும்

இலங்கைக்குப் பலமுறை சென்று வந்தவன் என்ற ஒரே தகுதியில் இக்கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

டிசம்பர் விடுமுறைக்குத் திருகோணமலையில் கடற்கரை விடுதி பதிவு செய்யலாமா?

வேண்டாம். நம் கடலோர மாவட்டங்களை நனைக்கும் வடகிழக்குப் பருவமழைதான் இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் நனைக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை காலி, மிரிச போன்ற தென்மேற்குக் கரையோர ஊர்களுக்குச் செல்லுங்கள்; திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பை ஆகியவற்றை மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கு ஒதுக்குங்கள். 'எந்த மாதம் நல்லது?' என்று கேட்பவர்களிடம் 'எந்தக் கரைக்கு?' என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

ஐந்து நாட்களில் கண்டி, நுவரெலியா, எல்ல, சிகிரியா, யாழ்ப்பாணம் அனைத்தையும் பார்க்க முடியுமா?

முடியாது. கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாமல் மணிக்கணக்கைப் பாருங்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு 80 கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலையில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் போய்ச் சேர்வதில்லை. யாழ்ப்பாணத்தைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டி–எல்ல ரயிலில் எந்த வகுப்பில், எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பில் சன்னல்கள் திறக்காது என்பதால், இரண்டாம் வகுப்பு அல்லது மூன்றாம் வகுப்பில் முன்பதிவு செய்யுங்கள். இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயாவரை சாலையில் சென்று, அங்கிருந்து எல்லவரை ரயிலில் போனாலே உயர்ந்த பகுதி முழுவதையும் பார்த்துவிடலாம். ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் உள்ள பட்டிப்பொல நிலையத்தைக் கடந்ததும் ஒரு சுரங்கம் வரும். ஒருமுறை அதற்குள் நுழையும்போது தூறலும் மூடுபனியுமாக இருந்தது. மறுபுறம் வெளியே வந்தபோது கண்கூசும் வெயில். இதல்கஸ்ஹின்னவில் தண்டவாளம் மலைமுகட்டின் மேலேயே செல்வதால், இடமா வலமா என்ற சண்டைக்கு அங்கே வேலையில்லை. இரு பக்கமும் பள்ளத்தாக்குதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரே வண்டி இல்லை என்பதற்கு அத்தாட்சியாக, நிலைய ஊழியர் பெரிய வளையத்தில் கோத்த பையை ஓட்டுநரிடம் நீட்டுவதையும் கவனியுங்கள்.

படம் எடுப்பதற்காக வாசற்படியில் தொங்காதீர்கள். அப்படி விழுந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். மண்சரிவினால் இப்பாதை அவ்வப்போது துண்டிக்கப்படும் என்பதால், புறப்படும் முன் வண்டி ஓடுகிறதா என்றும் விசாரியுங்கள்.

நான்கு நாட்கள் போதுமா?

ஐந்து நாட்களுக்குச் சொன்னதை மீண்டும் படியுங்கள்.

சிகிரியா இராவணனின் கோட்டை என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். நீங்கள் முன்பு ஒருமுறை மன்னன் காசியப்பனின் கோட்டை என்று எழுதியிருந்தீர்களே?

வழிகாட்டி சுவையான கதையைச் சொன்னார். நான் வரலாற்றைச் சொன்னேன். தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், கி.பி. 477 முதல் 495 வரை சிகிரியாப் பாறையைத் தலைநகராக்கி ஆண்டான். அவனுக்கு அஞ்சித் தென்னிந்தியாவுக்கு ஓடிய தம்பி மொகல்லானன் படையுடன் திரும்பி வந்ததும் அவன் கதை முடிந்தது. 'கண்ணாடிச் சுவர்' எனப்படும் மெருகேற்றிய சுவரில் பிற்கால யாத்திரிகர்கள் கீறி வைத்த சிங்களப் பாடல்களைப் பாருங்கள். அங்குள்ள பாறை ஓவியங்களின் பெண்களைப் பார்த்து மயங்கியவர்கள் மட்டுமல்லாமல், அவர்களைக் கேலி செய்த பெண்களும் எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் கண்முன் இருக்கும்போது இராவணனின் விமானத்தளத்தைத் தேடுவது வீண் வேலை. காலையில் திறந்தவுடன் ஏறுங்கள். குளவி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் சத்தம் போடாதீர்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது கடவுச்சீட்டைக் காட்டினால், சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கான குறைந்த கட்டணமே வாங்குவார்கள்.

நம்பிக்கையோடு செல்பவர்களை இப்படி இகழலாமா? இராவணன் தமிழ் மரபில் இல்லையா?

யாரையும் நான் இகழவில்லை. தமிழ் மரபில் இராவணன் இருக்கும் இடம் வேறு என்றுதான் சொல்கிறேன். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் அவனைக் குறிப்பிடுவது வழக்கம். கோணமலைப் பதிகத்திலும் அப்படியே. திருகோணமலையிலுள்ள திருக்கோணேச்சரம் சிவன் கோயிலருகே கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் பாறையை இன்றும் 'இராவணன் வெட்டு' என்றே அழைக்கிறார்கள். 1622-இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில் அது. இன்று நாம் வணங்குவது பின்னர் எழுப்பப்பட்டது. அங்கே குழந்தை வரம் வேண்டி மரக்கிளைகளில் கட்டிய சிறு தொட்டில்கள் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி நான் ஒரு மாலை முழுவதும் அமர்ந்திருக்கிறேன். சோழரைத் தேடுபவர்கள் பொலன்னறுவையின் வானவன்மாதேவி ஈச்சரத்துக்குச் செல்லுங்கள்; அந்தக் கற்றளியின் சுவரில் தமிழ்க் கல்வெட்டை விரலால் தொட்டுப் படிக்கலாம் என்று தோன்றும், ஆனால் தொடாமல் படியுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். ஆனால் 'மரக்கறிச் சாப்பாடு' என்று கேட்டு வாங்கினாலும், தேங்காய்ச் சம்பலில் மாசி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். மாசி என்பது உலர்த்திய சூரை மீன். இடித்துச் சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாது. என் தாயார் இரண்டு நாட்கள் 'என்ன மணம்!' என்று புகழ்ந்து சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு அது தெரியவந்தது. அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் போகலாமா?

போகலாம். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய, யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள காங்கேசன்துறைக்கான சேவை அது. கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஊர் திரும்பிய மறுநாளே அலுவலகம் போக வேண்டியவர்கள் அதை நம்ப வேண்டாம்.

விசாக் கட்டணம் எவ்வளவு?

அடிக்கடி மாறுகிறது. இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டும் பாருங்கள்; இடைத்தரகர்களின் தளங்கள் அதைப் போலவே தோற்றமளிக்கும்.

மூன்று நாட்களில் ஏதாவது பார்க்கலாமா?

கண்டியும் சிகிரியாவும். எல்லவைப் பற்றிக் கேட்காதீர்கள்.

உங்கள் பதிலைப் படித்தபின் கோணேச்சரம் போக ஆசை வந்துவிட்டது. டிசம்பரில் லீவு கிடைக்கிறது, போகலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.